உப்பு பார்க்கிற நாக்கு

மாஸ்டருக்கு நாக்கு செத்துப்போய்விட்டது என்று அட்டைப்பெட்டித் தொழிற்சாலை முழுவதும் பேச்சாகிவிட்டது. ஒரு சமையல்காரரைப் பற்றி இதைவிட மோசமாக ஒன்றும் சொல்ல முடியாது. கண் மங்கினால் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். காது மந்தமானாலும் பாதகமில்லை, கேன்டீன் அடுப்படியில் காதில் விழுவது பாதி வசவுதான். நாக்குக்கு எந்தக் கடையில் போய் என்ன வாங்குவது?

பேச்சு சும்மா கிளம்பவில்லை. சில மாதங்களாகவே சாப்பாட்டு மேஜைகளில் இருந்த உப்பு டப்பாக்கள் மத்தியானத்துக்குள் காலியாகிக்கொண்டிருந்தன. சூப்பில் உப்பு இல்லை, கறியில் உப்பு இல்லை, அவித்த கிழங்கில்கூட உப்பு இல்லை என்று ஆளாளுக்கு முகத்தைச் சுளித்தார்கள். மாஸ்டருக்கோ எல்லாம் சரியாகவே இருந்தது. உப்பு பார்க்காமல் எதையும் இறக்குகிற ஆள் இல்லை அவர். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பார். கண்ணை மூடி ஒரு தலையாட்டு ஆட்டுவார். அதற்கப்புறம்தான் அடுப்பை அணைப்பார். முன்னெல்லாம் அந்தத் தலையாட்டலைப் பார்த்தே ஆட்கள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். இப்போது அதைப் பார்த்தாலே உப்பு டப்பாவைத் தேடினார்கள்.

அவர் சோதித்துப் பார்க்காமல் இல்லை. எலுமிச்சையைக் கடித்தார், புளித்தது. சர்க்கரையை வாயில் போட்டார், இனித்தது. மிளகை மென்றார், கண்ணில் தண்ணீர் வந்தது. வீட்டில் மனைவி சமைத்துப் போட்டதும் எப்போதும் போல ருசியாகத்தான் இருந்தது. கை கழுவும் இடத்தில் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தார். சிவப்பாக, ஈரமாக, அது பாட்டுக்கு இருந்தது. அதைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வது? நாக்கு செத்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

அவருக்கு முன்னால் இருந்த மாஸ்டரும் இதே அடுப்படியில்தான் வேலை பார்த்தார். ஒரு காலத்தில் அவரும் ராஜா. நாக்கு போனதும் வெங்காய மேஜைக்கு அனுப்பிவிட்டார்கள். காலையிலிருந்து மத்தியானம் வரை உரித்துக்கொண்டும் அரிந்துகொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் உட்கார்ந்திருப்பார். அந்தக் கண்ணீர் முழுக்க வெங்காயத்தால்தானா என்று யாரும் கேட்பதில்லை. மாஸ்டர் கூடியவரை அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அந்த மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு முக்காலிக்கு இடம் இருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் முயல் வந்து சேர்ந்தது.

ஒரு கம்பெனிக்காரன் மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போன பெட்டி. உள்ளே உப்பிலேயே பதப்படுத்திய முயல்கறி, துண்டு துண்டாக, கல்லுப்பு ஒட்டிக்கொண்டு வெளுத்துக் கிடந்தது. கேன்டீன் மேனேஜர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் கைபேசியில் எதையாவது படித்துவிட்டு வந்து அடுப்படியில் பிரசங்கம் செய்கிறவர்.

"கொழுப்புங்கறதே கிடையாது மாஸ்டர். பூராவும் புரதம். இரும்புச்சத்து வேற. இதைத் தின்னா நம்ம ஆளுங்க மத்தியானத்துக்கு மேல தூங்கி விழ மாட்டாங்க."

"கொழுப்பு இல்லாததுதான் சார் வம்பே," என்றார் மாஸ்டர். "கொதிக்க விட்டா நார் நாராப் போயிடும். உப்பை வேற எடுக்கணும்."

"எடுங்க. உங்களுக்கா தெரியாது?" என்ற மேனேஜர் சற்று நிறுத்திக் குரலைத் தணித்தார். "நான் வெளிப்படையாவே சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. முதல்ல எனக்கு மட்டும் கொஞ்சம் செஞ்சு காட்டுங்க. சரியா வந்தா வெள்ளிக்கிழமை எல்லாருக்கும். வரலேன்னா அடுப்புக்கு வேற ஆளைப் பாக்கறேன். உங்களுக்குன்னு உக்காந்த வேலையா ஏதாவது பாத்துத் தர்றேன்."

உட்கார்ந்த வேலை எது என்று கேட்க வேண்டிய அவசியம் மாஸ்டருக்கு இல்லை. முக்காலி கண் முன்னால் வந்து நின்றது.

அன்று அவர் தன் உயிரையே ஊறப்போட்டது போலத்தான் அந்தக் கறியை ஊறப்போட்டார். கல்லுப்பை உதறிக் கழுவினார். குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தினார். தண்ணீரை மாற்றினார், மறுபடி மாற்றினார். ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் ஒரு நறுக்கு கிள்ளி, எண்ணெயில் வாட்டி, வாயில் போட்டுப் பார்த்தார். கரித்தது. இன்னொரு தண்ணீர். அப்போதும் கரித்தது. இன்னொன்று. கடைசியில் அவர் நாக்கு போதும் என்றது. அப்புறம் வெங்காயமும் பூண்டும் தாராளமாக எண்ணெய் விட்டு வதக்கி, கறியைப் போட்டு, மூடி வைத்துச் சிறு தீயில் விட்டார். கறியிடம் இல்லாத கொழுப்பை எண்ணெய்தான் ஈடுகட்ட வேண்டும். கறி எலும்பை விட்டுக் கழன்று வருகிற பதத்தில் மிளகைத் தூவி இறக்கி, உள்ளங்கையில் நக்கிப் பார்த்தார். அருமை. கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

மேனேஜர் ஒரு வாய் வைத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"பதம் பிரமாதம்," என்றார். "ஆனா மாஸ்டர், உப்பிலேயே கிடந்த கறியில எப்படி உப்பில்லாம பண்ணினீங்க?"

மாஸ்டர் பேந்தப் பேந்த விழித்தார். தன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தின்றார். உப்பு இருந்தது. சரியாக இருந்தது. மேனேஜரின் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்றார். அதிலும் இருந்தது. உலகத்துக்கே நாக்கு செத்துப்போய், தான் ஒருவர் மட்டும் தப்பித்திருக்கிறோமா என்று ஒரு கணம் நினைத்தார். அப்படி நினைக்கிற ஆளைத்தான் பைத்தியம் என்பார்கள் என்ற நினைப்பு உடனே பின்னால் வந்தது.

"கடைசியா ஒரு தடவை, வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்," என்றார் மேனேஜர். அந்தக் குரலில் இருந்த இரக்கம்தான் மாஸ்டருக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் பெட்டியிலிருந்து சில துண்டுகளைக் கட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் ஒரே யோசனை. ஊறவே வைக்காமல், பேருக்கு ஒருமுறை அலசிவிட்டுச் சமைத்துத் தின்றுபார்க்க வேண்டும். உப்புக்குள்ளேயே கிடந்த கறி பொய் சொல்லாது. அதுவும் சப்பென்று இருந்தால் நாக்கு போனது போனதுதான். தானே போய் முக்காலியில் உட்கார்ந்துவிடலாம்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கணவர் நேராக அடுப்புக்குப் போனதைப் பார்த்து எழுந்து வந்தாள். வீட்டில் அவர் கரண்டி பிடிப்பதே இல்லை.

"என்னங்க அது?"

"முயல்கறி. நீ போ, நான் பாத்துக்கறேன்."

"இவ்வளவு உப்பா இருக்கு?"

"அதுக்குத்தான் கொண்டுவந்தேன்."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

கறி வேகிற வாசனைக்கு மைத்துனன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி, அதே தொழிற்சாலையில் அட்டை வெட்டுகிறவன். ஆள் என்னவோ ஒடிசல்தான், சாப்பிட உட்கார்ந்தால் எங்கே போகிறது என்று தெரியாது, அதனால் பீப்பாய் என்று பெயர். எந்த வீட்டில் என்ன வேகிறது என்பது மட்டும் அவனுக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

மாஸ்டர் ஒரு துண்டை எடுத்து ஊதி வாயில் போட்டார். கடலையே வாயில் ஊற்றியது போல இருந்தது. தொண்டை எரிந்தது, காது வரைக்கும் கூசியது. அவர் சிரித்துவிட்டார். சந்தோஷத்தில் கண் கலங்கியது. நாக்கு உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் அடுத்த நிமிஷமே சிரிப்பு வற்றியது. நாக்கு சரி என்றால், பின்னே கேன்டீனில் என்னதான் நடக்கிறது? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"மாப்ள, நீ சாப்பிட்டுப் பாரு."

பீப்பாய் ஒரு துண்டைத் தின்றான். கொஞ்சம் முகத்தைச் சுளித்தான். அப்புறம் இன்னொன்றை எடுத்தான்.

"கரிக்கத்தான் செய்யுது மாமா. ஆனா பரவால்ல. இந்த வீட்ல உப்போட சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு."

"என்னடா சொல்றே?"

பீப்பாய் அக்காவைப் பார்த்தான். அக்கா கண்ணாலேயே அவனை எரித்தாள். ஆனால் வாய் நிறையக் கறி இருக்கும்போது பீப்பாய்க்கு ஜாடை புரிவதில்லை. சட்டைப்பையில் கையை விட்டுச் சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான். பிரித்தால் உப்பு.

"அக்கா மனசு கஷ்டப்படுமேன்னு இத்தனை நாளும் சொல்லல. இங்க சாப்பிட வர்றப்பல்லாம் கையோட கொண்டாந்துடுவேன். நீங்க எப்படித்தான் அதைத் திங்கறீங்களோ."

மாஸ்டர் பொட்டலத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். ஏதோ ஒன்று பிடிபடுகிற மாதிரி இருந்தது, பிடிபடவும் இல்லை. யோசிப்பதற்காகவோ என்னவோ, கை தன்னால் இன்னொரு துண்டை எடுத்தது. அது வாய்க்குப் போவதற்குள் மனைவி தட்டோடு பிடுங்கிக்கொண்டாள்.

"திங்காதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், அதைத் திங்காதீங்க."

அவள் அழுதுகொண்டிருந்தாள். அவ்வளவு எளிதில் அழுகிறவள் இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயம் வெளியே வந்தது. ஆறு மாதம் முன்னால் ஒரு நாள் மாஸ்டர் கேன்டீனில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார், அப்போது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். வெறும் களைப்பு என்று சொல்லிவிட்டு அவர் வெளியே வந்துவிட்டார். டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக இருக்கிறது, மாத்திரையோடு உப்பையும் குறைக்காவிட்டால் ஒரு நாள் கை கால் விழுந்துவிடும் என்று சொல்லியிருந்தார்.

"சத்து மாத்திரைன்னு குடுத்தியே?"

"அது அந்த மாத்திரைதான்."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா கேப்பீங்களா? உப்பில்லாமத் திங்கறதுக்கு ஒரேயடியாப் போய்ச் சேரலாம்னு நீங்கதானே ஊரு பூரா சொல்லிட்டுத் திரிவீங்க. அதான் உங்களுக்குத் தெரியாம நாளுக்கு ஒரு சிட்டிகையாக் குறைச்சேன். உங்க நாக்குக்கே தெரியல."

மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவருடைய நாக்கை, வெகுகாலம் சோறு போட்ட நாக்கை, அவருக்கே தெரியாமல் ஒருத்தி திருத்தி வைத்திருக்கிறாள். அதை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கேன்டீனில் எல்லாருக்கும் உப்பு பார்த்திருக்கிறார். இவள் வீட்டுச் சட்டியில் உப்பைக் குறைக்கப் போக, தொழிற்சாலையே சப்பென்று ஆகிவிட்டது.

"என் அடுப்பே போகப் போகுதுடி. தெரியுமா உனக்கு?"

"தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன்," என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

பீப்பாய் சத்தமில்லாமல் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே மைத்துனனை அடுப்படிப் பின்வாசலுக்கு வரச்சொன்னார். ஊறவைத்த கறியில் கிள்ளி வாட்டி அவன் வாயில் போட்டார். "இன்னும் கரிக்குது மாமா." தண்ணீர் மாற்றினார். "இப்ப?" "இப்ப சரி." மாஸ்டரும் ஒரு நறுக்கு தின்றுபார்த்தார். அவருக்கு அது கரித்து, விழுங்க முடியவில்லை. கண்ணை மூடாமல், தலையையும் ஆட்டாமல், கறியை அடுப்பில் ஏற்றினார்.

அன்று தட்டுகள் வழித்துத் துடைத்தது போலத் திரும்பி வந்தன. எலும்பைக்கூடச் சப்பியிருந்தார்கள். மேனேஜர் வந்து தோளைத் தட்டி, "நாக்கு திரும்பி வந்துடுச்சு மாஸ்டர்," என்றார். கம்பெனிக்காரனிடம் தொடர்ந்து அனுப்பச் சொல்லப்போவதாகவும் சொன்னார். அடுப்பு மிஞ்சியது. மாஸ்டர் சிரித்து வைத்தார். அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். தனக்கு வாயில் வைக்க முடியாததைத்தான் இத்தனை பேர் சப்புக்கொட்டித் தின்றிருக்கிறார்கள் என்பது மட்டும் எங்கோ உறுத்தியது. இதில் யார் நாக்கு சரி, யார் நாக்கு தப்பு?

லாரியில் பெட்டி ஏற்றுகிறவர் ஒருவர், இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு போனவர், வாயில் வைத்துப் பார்க்காமலேயே பழக்க தோஷத்தில் உப்பு டப்பாவை எடுத்து மேலே குலுக்கினார். அதைத் தின்று முடித்து எழுந்தவர், மேஜையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். முகம் சிவந்திருந்தது.

மாஸ்டர் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டார். "என்னண்ணே, என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல மாஸ்டர். லேசா தலை சுத்துச்சு. வெறும் களைப்பு."

அது ஆஸ்பத்திரியில் மாஸ்டர் சொன்ன அதே வார்த்தை. அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, சாயங்காலமே ஒரு டாக்டரைப் பார்க்கச் சொன்னார். அதற்கென்ன, பார்த்தால் போச்சு என்று அவர் சிரித்தார். பார்க்கப் போவதில்லை என்று மாஸ்டருக்கு நன்றாகவே தெரிந்தது.

திங்கட்கிழமையும் பீப்பாய் பின்வாசலுக்கு வந்து உப்பு பார்த்தான். "கரெக்டா இருக்கு மாமா," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். கிழங்கு அண்டா பாக்கி இருந்தது. மாஸ்டர் அதே கணக்கில் உப்பைக் கையில் அள்ளினார். அண்டாவுக்கு மேலே கையைக் கொண்டுபோய் அப்படியே நின்றார். இப்போதுதான் மிஞ்சிய அடுப்பு. ஓரத்தில் முக்காலிக்கு இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. செய்வது சரியா, தப்பா, நமக்கெதற்கு இந்த வேலை என்று மனசு நாலா பக்கமும் இழுத்தது. வீட்டில் அவளுக்கும் முதல் நாள் கை இப்படித்தான் நின்றிருக்குமோ?

கையிலிருந்ததில் ஒரே ஒரு சிட்டிகையைத் திரும்ப ஜாடியில் போட்டுவிட்டு, மீதியை அண்டாவில் தூவினார்.

மத்தியானம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பீப்பாய் மட்டும் கிழங்கை வாயில் போட்டவன் மெல்லுவதை நிறுத்தினான்.

"மாமா, இதுல ஒரு துளி உப்பு கம்மியோ?"

மாஸ்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் நாக்கைக் கொஞ்சம் பாத்துக்க மாப்ள," என்றார்.

பீப்பாய்க்குச் சோறு இறங்கவில்லை. எழுந்து போய்க் கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.