அச்சன்புதூருக்குப் போன அறைகள்

மேலகரத்து ஆவுடைநாயகம் வீட்டு மாடியில் மகனுக்கென்று கட்டிய அறை, ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் விடிவதற்குள் வீட்டை விட்டுப் போய்விட்டது. ஒரு செங்கல் சிதறவில்லை. அறை இருந்த இடத்தில் குற்றாலத்துச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள். தண்ணீர்க் குழாயையாவது ஒழுங்காக மூடிவிட்டுப் போயிருக்கிறதே என்று பாராட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

அந்த வீடு எழும்பிய பாடு ஊருக்கே தெரியும். கூட்டுறவு வங்கியில் ஓய்வு பெற்றதும் ஆவுடைநாயகம் பூர்வீக வயலை விற்று வீட்டுக்கு வானம் தோண்டினார். அஸ்திவாரம் முடிவதற்குள் சிமெண்ட் விலை ஏறியது. சிமெண்ட் இறங்குமென்று காத்திருந்தபோது கம்பி ஏறியது. ஆற்றுமணல் கண்ணில் படாமல் போய் எம்-சாண்ட் வந்தது, அதுவும் தன் பங்குக்கு ஏறியது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் வரைபடத்திலிருந்து ஒன்றை வெட்டினார்கள். பூஜையறை அலமாரி ஆனது. தங்களுக்கென்று வைத்திருந்த படுக்கையறையை அவரே அடித்துவிட்டு, நமக்கு ஹால் போதும் என்றார். பெங்களூரில் இருக்கும் மகன் முத்துகுமரனுக்கும் கனடாவில் இருக்கும் மகள் வித்யாலட்சுமிக்கும் பாத்ரூம் வைத்த மாடியறைகள் இரண்டின்மேல் மட்டும் யாரையும் கைவைக்க விடவில்லை. அடுத்து அடுக்களையைக் குறைக்கலாம் என்று கொத்தனார் சொன்னபோது, அதுவரை வாய் திறக்காத அவர் மனைவி கல்யாணசுந்தரி குரலை உயர்த்தினாள்.

"பத்துப்பேரு சேந்து உக்காந்து சாப்பிடுத மாதிரி எனக்கு அடுக்களை வேணும். மத்ததை என்னவும் பண்ணிக்கிடுங்க."

அடுக்களை பிழைத்தது. பால் காய்ச்சிய மறு வருஷமே அவள் போய்ச் சேர்ந்தாள். பத்துப்பேர் உட்காரும் அடுக்களையில் அவர் தனக்கு மட்டும் ஒரு கை அரிசி போட்டுப் பொங்கினார். சீசனுக்கு வருகிறோம் என்று பிள்ளைகள் வருஷாவருஷம் சொன்னார்கள். அவரும் வருஷாவருஷம் வைகாசி வெயிலில் மாடி மெத்தைகளைக் காயப்போட்டு, புது உறை மாற்றி வைத்தார். அதில் மனிதர் ஒரு குறையும் வைக்கவில்லை, பாவம்.

காணாமல் போன அறை அச்சன்புதூரில் இருந்தது. அங்கே லோடு ஆட்டோ ஓட்டும் சுடலைராஜ், வீடு கட்டத் தொடங்கி, பேஸ்மட்டத்தோடு நின்றுபோனவன். பக்கத்திலேயே தகரக் கொட்டகை போட்டு, மனைவி மாரித்தாயும் இரண்டு மகள்களுமாக இருந்தார்கள். பேஸ்மட்டத்தில் எருக்கு முளைத்து ஆடு படுத்திருந்தது. அன்று காலை அதன் மூலையில் ஆவுடைநாயகத்தின் அறை அளவெடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மூத்தவள் முதல் ஆளாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்துவதற்கு ஒரு கதவு கிடைக்காதா என்றுதான் அவள் இத்தனை நாளும் ஏங்கியிருந்தாள்.

அடுத்த சீசனில் வித்யாலட்சுமியின் அறையும் போயிற்று. அதற்கடுத்த சீசனில் ஹால் போயிற்று. இலை நனையாமல் பீடி சுற்ற மாரித்தாய்க்கு இடம் கிடைத்தது. போன இடம் தெரிந்தும் ஆவுடைநாயகம் தேடிப் போகவில்லை. பழகின இடம், தானாக வந்துவிடும் என்று அடுக்களையில் பாயை விரித்துக்கொண்டார். ஆனால் இந்த வருஷம் முத்துகுமரன் குடும்பத்தோடு டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னான். வருகிறவர்களை எங்கே படுக்க வைப்பது? அச்சன்புதூருக்குப் பஸ் ஏறினார்.

"ஒங்க ரூமுகளா அண்ணாச்சி? நாங்க கூப்பிடல, அதுகளா வந்துச்சு. வந்தா கூட்டிட்டுப் போங்க" என்றாள் மாரித்தாய்.

அவர் அறைகளின் முன் நின்று, கன்றுக்குட்டியை அழைப்பதுபோல வா, வா என்று கூப்பிட்டுப் பார்த்தார். அவை அசையவில்லை. உள்ளே, அவர் காயப்போட்டு வைத்த மெத்தையில் சின்னவள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மாரித்தாய் முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே ஈர விறகை ஊதிஊதித் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அதில் சாரலும் கொஞ்சம் விழுந்தது.

"அடுக்களை இல்லியாம்மா?"

"அது மட்டுந்தான் இன்னும் வரல அண்ணாச்சி" என்றாள், தாமதமான பஸ்ஸைச் சொல்வதுபோல.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மகன் போன் செய்தான். லீவு கிடைக்கவில்லை, டிக்கெட்டை ரத்து செய்தாயிற்று. "அடுத்த சீசனுக்குக் கண்டிப்பா வாரேம்ப்பா." அறை இல்லாததை அவர் சொல்லவில்லை. சரிப்பா என்றார். போனை வைத்துவிட்டு, மனைவி செத்த அன்றுகூட அழாதவர், அவள் கேட்டு வாங்கிய அடுக்களையில் உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து டப்பாக்களின் மூடிகளை இறுக்கினார். சிலிண்டரை மூடினார். கண்ணாடித் தம்ளர்களுக்கு நடுவே துணி சுற்றி வைத்தார். ஜன்னலுக்குக் கொக்கி போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"அண்ணாச்சி, முழிச்சாச்சா? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுது."

ஆவுடைநாயகம் கதவைத் திறந்து, எத்தனை பேருக்கு அரிசி போட வேண்டும் என்று கேட்டார்.

மேலகரத்தில் இப்போது கேட் மட்டும் நிற்கிறது. பிள்ளைகள் யாராவது வந்து கேட்டால் அச்சன்புதூர் பஸ்ஸைக் காட்டிவிடுவதென்று எதிர்த்த கடைக்காரர் வைத்திருக்கிறார். இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை.