பாதி பம்பு ஒழுகும்

அந்தப் பம்பு ஆலையில் அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. ரேடியோ என்றால்தான் தெரியும். கரண்ட் போனால் லேத் நிற்கும், அவர் வாய் நிற்காது. அப்பேர்ப்பட்ட மனுஷன் இன்று மேனேஜர் அறை வாசலில் வாயில் கொழுக்கட்டை வைத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து நாற்காலியில், செய்து முடித்த பம்புகளைச் சோதிக்கும் பரிசோதகி. லேத் பிரிவுக்குள் கால் வைத்த முதல் பெண் அவள்தான், ஆயிற்று இருபத்தாறு வருஷம். மூன்று மணிக்கு விசாரணை. இவள் சொல்லும் சாட்சியில்தான் அவர் வேலை இருக்கிறது.

"அப்படி என்னத்த எழுதிட்டேன் தங்கச்சி? நம்ம பலகையில எழுதாததா?" என்று ரேடியோ கடைசியில் வாயைத் திறந்தார்.

பலகை! அடடா, என்ன காலம் அது! டீ அறைச் சுவரில் ஒரு கரும்பலகை. யாரும் எதையும் எழுதலாம். ஆனால் எழுதியவர் சனிக்கிழமை டீ நேரத்தில் அதன் கீழேயே நின்று, கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். பிறகு துடைத்துவிடுவார்கள். சங்கதி வாசல் தாண்டாது.

இவள் சேர்ந்த வாரம் ரேடியோ எழுதினார்: "பொம்பளை தொட்ட லேத் மூணே நாளில் மூலைக்குப் போகும்." இவள் அதன் கீழே எழுதினாள்: "அண்ணன் தொட்ட லேத் ஏற்கெனவே மூலையில்தான் நிற்கிறது." டீ அறையே குலுங்கிச் சிரித்தது. அவரும்தான் சிரித்தார், அவளுக்கு அவரே டீ ஊற்றிக் கொடுத்தார். அப்புறம் வாராவாரம் சண்டை, வாராவாரம் டீ. அவள் பிரசவத்துக்குப் போனபோது பலகை காலியாகக் கிடந்ததாம். சண்டை போட ஆள் இல்லையே!

பலகை போய், ஆலை ஆட்களுக்கென்று போனில் ஒரு குழு வந்தது. புதிதாக எடுப்பவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்று நிர்வாகம் அதில் அறிவித்ததும், பழைய பழக்கத்தில் ரேடியோ தட்டிவிட்டார்: "பாதி பொம்பளைன்னா பாதி பம்பு ஒழுகும்." யாரோ அதைப் படம் பிடித்து வெளியே விட, மறுநாள் ஊரெல்லாம் அதே பேச்சு. அவரைத் துரத்து என்று ஆயிரம் பேர், அவர்தான் ஆம்பளை என்று ஆயிரம் பேர். இரண்டு கூட்டத்திலும் ஒருத்தர்கூட அவரைக் கண்ணால் பார்த்ததில்லை. பாவி மனுஷனோ சனிக்கிழமை டீ அறையில் போய் நின்றிருக்கிறார், யாராவது பதில் கேட்க வருவார்கள் என்று. ஒரு ஈ காக்கை வரவில்லை.

மூன்று மணிக்கு இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரி இவளிடம்தான் கேட்டார்.

"இவர் பேச்சு உங்களை எப்பவாவது புண்படுத்தியிருக்கா? ஆமாவா, இல்லையா?"

இல்லை என்று சொல்லத்தான் வந்திருந்தாள். ஆனால் பலகையில் பதில் எழுதிவிட்டு சாமான் அறைக்கு ஓடியது நினைவுக்கு வந்தது. அலமாரிக்குப் பின்னால், சத்தம் வெளியே கேட்காமலிருக்க எண்ணெய்த் துணியை வாயில் திணித்துக்கொண்டு அழுதாளே, ஒரு மாசம், தினமும். சிரிப்பையும் டீயையும் பத்திரமாக எடுத்து வைத்தவள், இதை எங்கே போட்டாள்?

"ஆமா. ஒரு மாசம் அழுதேன். ஆனா இவரை அனுப்பாதீங்க. பேசினதுக்காக ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பினா, ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு திருப்பிக் கேக்க எனக்கு ஆள் இருக்காது. என் பிரிவுல எடுக்கப்போற பொண்ணுங்க முன்னாடி இவரை நிறுத்துங்க. அவங்க கேக்கட்டும், இவர் பதில் சொல்லட்டும்."

அதிகாரி நீண்ட நேரம் எழுதினார். ஒரு மாதம் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வரலாம் என்றார்.

வேலை தப்பியது. ஆனால் படிக்கட்டில் ரேடியோ இறங்காமல் நின்றுவிட்டார்.

"இத்தனை வருஷம்... ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா, 'பாத்தியா, பொம்பளை அழுதுட்டா'ன்னு அடுத்த வாரமே பலகையில எழுதியிருப்பீங்க அண்ணே."

அவர் வாயைத் திறந்தார். "ஆமா, எழுதியிருப்பேன்" என்றார்.