ஆள் இல்லாத கட்டம்

பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் ‘அஞ்சு கட்டம்’. எந்தப் பேச்சைக் கொடுத்தாலும் அதை ஒரு நாடகமாகப் பிரித்து மேய்ந்துவிடும் பேராசிரியை அவள். கரும்பலகையில் ஐந்து கட்டம் போடுவாள்: செயல், களம், ஆள், கருவி, நோக்கம். எது நிரம்பி வழிகிறது, எது காலியாகக் கிடக்கிறது என்று பார்த்தால் போதும், பேசியவனின் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும். வகுப்புக்கு ஒரே விதி: பேசியவர் பெயரை அடித்துவிட்டுத்தான் பேச்சைக் கொண்டுவர வேண்டும். பெயர் தெரிந்தால் பாசமோ பகையோ வந்து கண்ணை மறைக்குமாம்.

அன்று கடைசி பெஞ்சுப் பெண் ஓர் இரங்கல் கூட்டப் பேச்சைக் கொண்டுவந்திருந்தாள். குளிர்பதனக் கிடங்கின் உறைபனி அறைக்குள் மாட்டிக்கொண்டு ஒரு தொழிலாளி இறந்திருக்கிறார். கரண்ட் போய்விட்டதாம், அபாய மணி பழுதாம், பனிமூட்டத்தில் கண் தெரியவில்லையாம், கனத்த கதவு தானே மூடிக்கொண்டதாம். களத்துக்கு எழுத இடம் போதவில்லை. ஆள் கட்டம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

“அடேங்கப்பா! கதவுக்குக் கை முளைச்சுதாக்கும்?” என்றாள் பேராசிரியை. வகுப்பே சிரித்தது. “இவ்வளவு சாமானை அடுக்கி வெச்சு மறைக்கிறான்னா, கதவைச் சாத்தினது இவனேதான். அடிச்சுச் சொல்றேன்.”

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. “இதை விசாரணையில வந்து சொல்வீங்களா மேடம்? உள்ள செத்துப்போனது எங்கப்பா. விபத்துன்னு கேஸை மூடப் போறாங்க.”

பேராசிரியைக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயோ, முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?”

“சொன்னா பாவம் பார்த்துப் பேசியிருப்பீங்க. இதைப் பேசினது கிடங்கு மேனேஜர், கேளுங்க” என்று அந்தப் பெண் போனில் அந்தப் பேச்சின் பதிவை ஓடவிட்டாள்.

முதலில் ஒரு செருமல். அந்தச் செருமலே போதுமாயிருந்தது. அது அவள் வீட்டுக்காரர்.

கிடங்கில் யாரோ மாரடைப்பில் போய்விட்டார் என்றுதானே வீட்டில் சொன்னார்! பழி வராமல் கூட்டத்தில் எப்படிப் பேசுவது என்று அவர் கேட்டபோது, பேப்பர் திருத்திக்கொண்டே இவள்தானே சொன்னாள்: “ஆளைப் பத்தி வாயே திறக்காதீங்க. சுத்தி இருந்ததை மட்டும் பேசுங்க, ஒரு பய குறை சொல்ல முடியாது.” அன்றிலிருந்து மனுஷன் வீட்டு ஃபிரிட்ஜைத் திறப்பதே இல்லை. குளிர்ந்த தண்ணீருக்கும் இவளைத்தான் கூப்பிடுகிறார். சோம்பேறி என்று இவளும் கேலி செய்தாள். பாவி மனுஷா!

“வருவீங்கள்ல மேடம்?”

அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது. இது வெறும் வகுப்புப் பயிற்சிதானம்மா என்று சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

அவள் திரும்பிச் சாக்பீஸை எடுத்தாள். ஆள் கட்டத்தில் ‘என் வீட்டுக்காரர்’ என்று எழுதினாள். பக்கத்தில் கருவிக் கட்டமும் காலியாகத்தான் இருந்தது. அதில் எழுதினாள்: ‘நான் சொல்லிக்கொடுத்த பாடம்.’