நானே சார் வீட்டு உள்ளறைச் சுவர்

எதிர் வீட்டுக்காரருக்கு எங்கள் தெருவில் 'நானே சார்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது யார் என்று விசாரித்தால் எல்லோரும் என்னைத்தான் கைகாட்டுவார்கள். நம்பாதீர்கள். அவர் வாயிலிருந்து வந்ததை நான் திரும்பச் சொன்னேன், அவ்வளவுதான். குழாய் ஒழுகினால் 'நானே பாத்துக்கறேன்'. மின்சாரம் போனால் 'நானே பாத்துக்கறேன்'. பார்த்துக்கொண்டதன் பலனாக அவர் வீட்டுக் குழாயைத் திறக்க இடுக்கி வேண்டும். வாசல் மணியை அழுத்தினால் கூடத்தில் மின்விசிறி நிற்கும். உள்ளே இருப்பவர்கள் விசிறி நின்றதைப் பார்த்துத்தான் ஆள் வந்திருப்பதைத் தெரிந்துகொள்வார்கள்.

அதற்காக மனிதரைக் கையாலாகாதவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர் அவர். முடியளவு கோணல் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எங்கள் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன் சுவரில் மாட்டியிருக்கும் படத்தை நேராக்குவார். எழுந்து போகும்போது இன்னொரு தடவை. எங்கள் வீட்டுக்காரர் வேண்டுமென்றே அதைச் சாய்த்து வைத்து வேடிக்கை பார்ப்பதும் உண்டு.

அவர் மனைவி துணிக்கடையில் விற்பனை வேலை பார்ப்பவள். என்னை அக்கா என்பாள். அவளுக்கு மூச்சு இளைப்பு. அவர்கள் படுக்கிற உள்ளறையின் வெளிப்பக்கத்தில் மழைத்தண்ணீர்க் குழாய் போகிறது. அது விரிசல் விட்டு, சுவர் நீரைக் குடித்து, பூச்சு பொருமி, கறுப்பு கறுப்பாகப் பூசணம் பிடித்திருந்தது. 'அந்த ரூம்ல ஒண்ணு நீங்க இருக்கணும், இல்லேன்னா அந்தச் சுவர் இருக்கணும்' என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கூடத்து நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள்.

"கொத்தனாரைக் கூப்பிடுங்களேன்" என்று அவள் கேட்டது எனக்கே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறது. (ஜன்னல் எதிரெதிராக இருந்தால் காதில் விழத்தான் செய்யும். காதை மூடிக்கொண்டா சமைக்க முடியும்?)

"எதுக்கு? மண்ணும் சிமெண்டும் கலக்கறதுக்கு ஒரு ஆளா? நானே பூசிடறேன்."

பூசினார். பழைய பூச்சைக் கொத்தி எடுக்காமல், சுவரில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெளிக்காமல், பழைய பெயிண்ட்டின் மேலேயே அப்பினார். அப்பிவிட்டு, சீக்கிரம் காயட்டும் என்று விசிறியை முழு வேகத்தில் வைத்தார். ஒன்று சொல்ல வேண்டும், பார்ப்பதற்கு அவ்வளவு அழகு. சமமாக, வழவழவென்று, பெரிய லென்ஸ் ஒன்றைத் தேய்த்து நிறுத்தியது போல. தெருவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். நானும் போய், "பரவாயில்லையே, கடையை விட்டுட்டு இதுக்கே வந்துடலாம் போலிருக்கே" என்றேன். கேலி செய்தேன் என்பது அவருக்குப் புரியவில்லை.

அவள் மறுபடி உள்ளறையில் படுத்தாள். கொஞ்ச நாள்தான். ஒரு காலை, அவள் எழுந்து பல் தேய்க்கப் போயிருந்த நேரத்தில், தடாலென்று ஒரு சத்தம். நான் ஓடினேன். கதவளவுக்கு ஒரு பாளம் அப்படியே கழன்று அவள் தலையணைமேல் விழுந்திருந்தது. வாயில் நுரையோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். அவர் குனிந்து விழுந்த துண்டைப் புரட்டி, "பாரேன், பின்பக்கம் ஒட்டவே இல்ல. கலவைல ஏதோ..." என்றார்.

அவள் தலையணையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பையில் துணியை அடுக்க ஆரம்பித்தாள்.

"அண்ணன் வீட்டுக்குப் போறேன்" என்றாள். "சண்டையெல்லாம் இல்ல. தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டு இந்த ஒரு சுவரைச் சரி பண்ணுங்க. நீங்க தொடாம இருங்க. அது முடிஞ்ச அன்னிக்கு வந்துடறேன்."

"நான் என்ன வேணும்னா..."

"நீங்க தொடாம இருந்தாப் போதும்."

அண்ணன் வீடு ஒன்றும் மாளிகை இல்லை. கூடத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் அவளுக்குப் படுக்கை. அண்ணி தொடர்களெல்லாம் பார்த்து முடித்து எழுந்த பிறகுதான் இவள் பாயை விரிக்க முடியும். 'நீ பாட்டுக்குப் படுத்துக்கோம்மா, நான் சத்தத்தைக் குறைச்சுக்கறேன்' என்பாளாம் அண்ணி. குறைக்க மாட்டாளாம். அதனால் தினமும் கடையிலிருந்து எனக்குப் போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"அக்கா, சுவர் என்னாச்சு?"

நானும் ஒன்று விடாமல் சொல்வேன். சொல்வதற்கும் விஷயம் இருந்தது. நம்பவே மாட்டீர்கள், நானே சார் கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டார்!

எங்கள் பக்கத்துக் கொத்தனாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேலை தெரிந்தவர். அது அவருக்கும் தெரியும், அதுதான் தொல்லை. வரேன் என்ற நாளில் வந்ததாகச் சரித்திரம் இல்லை. வந்தால் பாதி நேரம் காதில் போன். இன்னொரு வீட்டுக்காரரிடம் 'உங்க வீட்டு வாசல்லதான் நிக்கறேன்' என்று இங்கே நின்றபடி சொல்வார். டீ ஆறியிருந்தால் குடிக்க மாட்டார். ஆனால் சுவர் முன்னால் நின்று விரல் முட்டியால் தட்ட ஆரம்பித்தால் ஆளே மாறிவிடுவார்.

"யாரு சார் இதைப் பூசினது?" என்று கேட்டார் முதல் நாள்.

நானே சார் கூரையைப் பார்த்தார். "ஒரு... தெரிஞ்சவரு."

"நல்ல வேளை, தெரிஞ்சவரு. தெரியாதவரா இருந்தா வீட்டையே சாய்ச்சிருப்பாரு."

வெளியே குழாயை மாற்றினார். செங்கல் தெரியும் வரை பழசையெல்லாம் கொத்தி எடுத்தார். சுவரை ஆறப்போட்டார், நனைத்தார், பூசினார். அந்த நாட்களில் நானே சார் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, பெண்டாட்டி சொன்னதை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டு, கொத்தனார் முதுகுக்குப் பின்னால் இப்படியும் அப்படியும் நடந்தார். ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்.

"அந்த மூலை..."

"மூலைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

முடித்துவிட்டுப் போகும்போது கொத்தனார் வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "சார், இனிமே உங்களுக்கு ஒரே வேலைதான். காலையிலயும் சாயங்காலமும் சுவர்மேல தண்ணி தெளிங்க. வேற எதுவும் பண்ணாதீங்க. தடவிப் பாக்கறதுகூட வேணாம்."

நான் போய்ப் பார்த்தேன். தட்டியும் பார்த்தேன், கல்லென்று இருந்தது. அன்று அவள் போன் வந்ததும், "சுவர் முடிஞ்சுதுடி, பாறை மாதிரி இருக்கு, காஞ்சதும் வந்து சேரு" என்றேன். "அவர் தொடலையே அக்கா?" என்றாள். "தண்ணி தெளிக்கறதோட சரி" என்றேன். அவள் சிரித்தாள்; அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அடுத்த விடுமுறை நாளில் பெட்டியோடு வருவதாகச் சொன்னாள். அண்ணியிடமும் சொல்லிவிட்டாளாம்.

இங்கேதான் மனிதரின் கண் அவரைக் கெடுத்தது.

தினமும் தண்ணீர் தெளிக்கப் போகிறவர் சும்மா தெளித்துவிட்டு வந்திருக்கலாம். கடையில் லென்ஸைச் சோதிக்கிற பழக்கம். டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்திருக்கிறார். அப்படி வெளிச்சம் விழுந்தால் எந்தச் சுவரும் மேடும் பள்ளமுமாகத்தான் தெரியும்; கோவில் சிலையின் கன்னத்தில்கூடக் குழி தெரியும். அந்த மூலையில் ஒரு சின்ன அலை. உங்களுக்கும் எனக்கும் ஜென்மத்துக்கும் தெரியாத அலை. அவருக்கு அது கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்தியிருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு வந்தார். படத்தை நேராக்கக்கூட இல்லை.

"உங்களுக்குத் தெரியலையா? இடது மூலையில. அவ வந்து பாத்தா என்ன நினைப்பா?"

"அவ மூச்சு விட வரா சார், சுவரைச் சோதிக்க வரல" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"இல்ல, ஒரே ஒரு தேய்ப்பு. மேலாப்ல."

"தொடாதீங்க" என்றேன். "அவ ஒரே ஒரு விஷயம்தான் கேட்டா."

"அதுக்காகத்தான். அவளுக்குக் குறை வெச்ச மாதிரி இருக்கக் கூடாதில்ல?" என்றார். பாவி மனிதர், கண்ணில் அவ்வளவு ஆசை.

மூலையைத் தேய்த்தார். தேய்த்த இடம் பள்ளமானது. பள்ளத்தை நிரப்பக் கொஞ்சம் கலவை. நிரப்பியது மேடானது. மேட்டுக்குச் சமமாகப் பக்கத்தையும் ஏற்றினார். முடி வெட்டத் தெரியாதவன் ஒரு பக்கத்தைச் சரிசெய்யப் போய் மறுபக்கத்தைக் குறைப்பான், அதற்குச் சரியாக இதைக் குறைப்பான், கடைசியில் மொட்டையில் வந்து நிற்கும், அந்தக் கதைதான். முழுசாகக் காயாத பூச்சில் உளியை வைத்துத் தட்டியதில் பக்கத்துப் பாகமெல்லாம் விட்டுக்கொடுத்தது. கதவைச் சாத்திக்கொண்டு செய்ததால் எங்களுக்கு உளிச் சத்தம்தான் கேட்டது. அவளிடம் போனில் என்ன சொல்வது என்று தெரியாமல் நான் எடுக்காமல் விட்டேன்.

அவள் வந்தாள். பெட்டி, இரண்டு பை, ஒரு புதுத் தலையணை. நான் வாசலுக்குப் போவதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். அறை முழுக்கப் புழுதி, மூட்டமாக. சுவரில் பாதி கொத்தனாருடையது, பாதி செங்கல், நடுவே ஈரமும் காய்ந்ததுமாகத் தேசப்படம் போலத் திட்டுத் திட்டாக இவருடையது. நிலைப்படியிலேயே அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அவர் முழங்கை வரை சிமெண்டோடு ஓடிவந்தார்.

"இரு, இரு, உள்ள வராத. இன்னும் கொஞ்சம்தான். கொத்தனார்தான் பூசினாரு, கேட்டுப் பாரு. நான் மூலைய மட்டும்தான்..."

அவள் திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துணிக்கடையில் இருபது துணி பிரித்துக் காட்டச் சொல்லிவிட்டு, ஒன்றும் வாங்காமல் போகிறவர்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் மடித்து அடுக்குவார்களே, அப்படி ஒரு முகம். மருந்தை உறிஞ்சி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல, இதை முடிச்சுட்டு..."

"சாப்பிடுங்க."

அவ்வளவுதான். வந்த ஆட்டோ திரும்பக்கூட இல்லை, அதிலேயே ஏறிவிட்டாள். தலையணையை மடியில் வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகும் போன் வந்தது. கடையில் கூட்டம், காலில் வீக்கம், அண்ணி வாங்கிய புதுப் பாத்திரம் என்று என்னென்னவோ பேசுவாள். சுவரைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்று என்னைச் சொல்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

நானே சார் விடவில்லை. கொத்தனார் "நான் பூசினதை இன்னொருத்தர் தொட்டா அப்புறம் அது என் சுவர் இல்ல" என்று வர மறுத்துவிட்டார். இவர் தினமும் கடை விட்டு வந்து கொத்துவார், பூசுவார், தட்டிப் பார்ப்பார், மறுபடி கொத்துவார். மழைக்காலம் வந்து போனது. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தேன். கேலிக்கு இடமே இல்லை. சுவர் அப்படி ஒரு சுவர். தட்டினால் திடமான சத்தம், துளி ஈரம் இல்லை, மூலை கத்தி வைத்து வெட்டியது போல. அறையைத் துடைத்து, கட்டிலில் வெள்ளை விரிப்புப் போட்டிருந்தார். மனிதர் பாதியாக இளைத்திருந்தார்.

"இதுல ஒரு குறை சொல்லுங்க பாக்கலாம்."

"ஒண்ணும் இல்ல சார்."

"அவகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க பாத்தேன்னு சொல்லுங்க."

சொன்னேன். "நம்பறேன் அக்கா. நல்லாத்தான் பூசியிருப்பாரு" என்றாள். பிறகு, "அண்ணன் மாடியில எனக்குன்னு ஒரு ரூம் கட்டறாரு. நானும் கொஞ்சம் போட்டிருக்கேன். நம்ம கொத்தனார்தான். இன்னிக்கு உள்பூச்சு" என்றாள். பின்னால் கடையில் யாரோ துணி அளக்கிற பட்டையைக் கேட்டார்கள். "வெச்சிடறேன் அக்கா, ஆள் வந்துட்டாங்க" என்றாள்.

அவர் என் வாசலிலேயே நின்றிருந்தார். மென்று விழுங்கிச் சொல்ல எனக்குத் தெரியாது. அப்படியே சொல்லிவிட்டேன்.

அவர் நகத்துக்கடியில் இருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கொத்தனாரா?" என்றார் கடைசியில். "மூலை பிடிக்க வராதே அவருக்கு."

"சார்..."

"நான் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரட்டுமா? ஓரமா நின்னு?"

எங்கள் வீட்டுக்காரர் எழுந்து வந்து அவர் தோளில் கைபோட்டு, "உள்ள வந்து உக்காருங்க" என்றார். அவர் வரவில்லை. தெருவைக் கடந்து போய்த் தன் வீட்டுக்குள் நுழைந்து, உள்ளறை விளக்கைப் போட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கட்டிலில் உட்காராமல், விரிப்புக் கசங்காத தூரத்தில், சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.