ராகு காலத்துக்கு முன் கிளப்பிய கார்

திருப்போரூர் அம்பி வாத்தியாருக்கு வேதியியலிலும் பஞ்சாங்கத்திலும் சந்தேகமே வந்ததில்லை. வந்திருந்தால் வீட்டுக்கு நல்லது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மகள் மானசாவுக்கு நெம்மேலிப் பக்கம் ஓர் ஆய்வகத்தில் இன்டர்வியூ. இரண்டு வருடமாக வேலை தேடி அலுத்தவளுக்கு இந்த ஆண்டு வந்த ஒரே அழைப்பு அது. பத்தரைக்கு ராகு காலம். அதில் வண்டியைக் கிளப்பலாமோ? அம்பி பத்தேகாலுக்கே தன் முப்பது வருடப் பழைய காரைக் கிளப்பி, மே மாத வெயிலில், வாசலில் உறுமவிட்டுவிட்டார். அணைத்தால்தானே மறுபடி கிளப்ப வேண்டும்?

“அப்பா, எஞ்சின் கொதிக்கும். இப்போ பெட்ரோல்ல எத்தனால் கலக்கறா. குழாய்லயே ஆவியாகி அடைச்சுக்கும்,” என்றாள் மானசா.

அம்பி சிரித்தார். இருபத்தெட்டு வருடம் பாடம் நடத்திய சிரிப்பு. “எத்தனால் கொதிக்கறது எழுபத்தெட்டு டிகிரில. பெட்ரோல் அதுக்கு முன்னாடியே ஆவியாக ஆரம்பிச்சுடும். கலந்தா ஆவி குறையத்தான் செய்யும். யாருக்குடி பாடம் எடுக்கறே?”

“தனியா இருந்தா எத்தனால் சாதுப்பா. மூலக்கூறெல்லாம் ஒண்ணையொண்ணு கெட்டியாப் பிடிச்சுண்டிருக்கும். பெட்ரோல்ல கொஞ்சமா விட்டா அந்தப் பிடி விட்டுப்போய்டும். கலவை இன்னும் சுலபமா ஆவியாகும்.”

“எம்.எஸ்ஸி. படிச்சா எல்லாம் தெரிஞ்சுடுமோ?”

பதினொன்று இருபதுக்கு ஏறினார்கள். கார் நாலு வீடு தாண்டியது, இருமியது, நின்றது. அம்பி சாவியைத் திருகினார். நட்ட நடு ராகு காலத்தில், பதினேழு முறை.

எதிர் ஒர்க்‌ஷாப் எல்லப்பன் பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்பைத் தொட்டுக் கையை உதறினார். “இன்னா சாரு, அடுப்புல வெச்ச மாரி கீது! உள்ள பெட்ரோலே இல்ல, வெறும் ஆவி. ஈரத்துணி போட்டு அரை மணி வுடணும்.”

அதற்குள் மானசா ஃபைலை இடுக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள். அம்பிக்கு, பெண்ணின் வேலையைத் தானே கெடுத்துவிட்டோமோ என்று முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

பன்னிரண்டுக்குக் கார் கிளம்பியது. சந்தேகம் போய்விட்டது. “பார்த்தேளா, ராகு காலம் முடிஞ்சுடுத்து!” என்றார். எல்லப்பன் பம்பின்மேல் போட்டிருந்த துணியை எடுத்து, அம்பி வீட்டுக் கேட்டில் காயப்போட்டுவிட்டுப் போனார்.

ஒன்றரைக்கு மானசா போன் செய்தாள். வேலை கிடைத்துவிட்டது.

“கிடைக்காம? பத்தேகாலுக்கே வண்டியைக் கிளப்பினது யாரு?” என்று மனைவி வத்சலாவிடம் மார்தட்டினார் அம்பி.

வத்சலா கேட்டிலிருந்த துணியை எடுத்தாள். வாளியில் முக்கிப் பிழிந்து அவர் தலைமேல் போட்டாள்.

“அரை மணி அப்படியே இருங்கோ.”