மற்றவர்கள் பகுதி

பாக்கியநாதனுக்கு ஆண்டவர் கொடுத்த ஒரே சொத்து தொண்டை. அப்பா கல்லுடைத்தார், அம்மா சித்தாள். படிப்பு எட்டாவதோடு நின்றது. ஆனால் மைக் முன்னால் நின்று வாயைத் திறந்தால் நெமிலிச்சேரி மாதா கோயிலில் அழுகிற பிள்ளையும் வாயை மூடிவிடும்.

பெரிய வெள்ளியன்று இயேசு பட்ட பாடுகளை மூன்று பேர் பிரித்து வாசிப்பார்கள். இயேசு பேசுகிற இடமெல்லாம் சாமியாருடையது. கதை சொல்கிற இடம் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வரும் ரிட்டயர்டு வாத்தியாருக்கு. மிச்சம் இருக்கிற ஆட்கள், அதாவது பேதுரு, வேலைக்காரப் பெண், காவலாளி, குருமார், பிலாத்து, சிலுவையில் அறையச் சொல்லிக் கத்துகிற கூட்டம், எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஆள். புத்தகத்தில் 'மற்றவர்கள்' என்று போட்டிருக்கும். பதினோரு வருஷமாக அந்த மற்றவர்கள் பாக்கியநாதன்தான்.

இதைக் கேட்க வருஷா வருஷம் துலுக்கானம் வருவான். ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஆள் அவன். கோயிலுக்குள் நுழைய மாட்டான். வெளியே வேப்பமரத்தில் ஸ்பீக்கர் கட்டியிருக்கும். அதற்குக் கீழே சைக்கிளை நிறுத்தி, கேரியரில் உட்கார்ந்து முழுசையும் கேட்பான். அவனுக்கு இயேசுவைவிட பாக்கியநாதன் முக்கியம். "மாமே, நீ ஒத்த ஆளு நாப்பது பேரு மாரி கத்துற" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் ரயிலில் அந்தக் கூட்டத்தின் கத்தலை ஆள்காட்டி விரலை ஆட்டி ஆட்டி நடித்துக் காட்டுவான். பெட்டியில் இருக்கிறவர்கள் இரண்டு பேரையும் ஒருமாதிரி பார்ப்பார்கள்.

இருவரும் நெமிலிச்சேரியில் ஏறி பட்டரவாக்கத்தில் இறங்குவார்கள். அங்கிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் கால் மணி நடை. தகரத்தை வெட்டி வண்டிப் பாகங்கள் அடிக்கிற பிரஸ் ஷாப் அது. எட்டு மெஷின். துலுக்கானம் நாலாம் நம்பரில் ஆபரேட்டர். பாக்கியநாதன் மெஷின்களுக்கு டை என்கிற இரும்பு அச்சை மாட்டிக் கொடுக்கிற ஆள். இவனைப் பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு சிபாரிசும் இல்லாமல் கேட்டில் நின்றவனை, உள்ளே கூட்டிப் போனது துலுக்கானம். அன்றிலிருந்து இன்றுவரை இவன் கான்ட்ராக்ட். வருஷத்துக்கு ஒருமுறை பெயரை நீக்கி, மறுபடி சேர்ப்பார்கள்.

பிரஸ் மெஷினில் இரண்டு பட்டன் இருக்கும், ஒரு கைக்கு ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கிற இரும்பு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் ஒரு கையும் உள்ளே இருக்காது. கணக்கு அவ்வளவுதான். ஆனால் அப்படி அடித்தால் ஷிப்டுக்கு இரண்டாயிரம் பீஸ்தான் வரும். மூவாயிரம் வேண்டுமென்றால் ஒரு பட்டனில் கட்டையைச் சொருகி அமுக்கியே வைத்துவிட வேண்டும். ஒரு கை பட்டனில், ஒரு கை தகரத்தில்.

சூப்பர்வைசர் ஜெகதீஷ் நல்ல பையன், எல்லாரையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவான். அவன்தான் பாக்கியநாதனிடம் வந்து, "அண்ணே, பேக்கிங் பெட்டிப் பலகை கெடக்குதில்ல, அதுல எட்டு கட்டை அறுத்துக் குடுங்க" என்றான். பாக்கியநாதன் அறுத்தான். சும்மா அறுக்கவில்லை. கைக்குக் குத்தாமல் முனையை உப்புத்தாளில் தேய்த்து, ஒவ்வொரு பட்டனுக்கும் அளவு பார்த்து, சிக்கென்று உட்காருகிற மாதிரி செய்தான். எந்த வேலையையும் சுத்தமாகச் செய்தே பழகிப்போன கை.

பொங்கல் முடிந்த இரண்டாவது வாரம், பகல் பதினோரு மணிக்கு, நாலாம் நம்பர் துலுக்கானத்தின் வலது கையில் மூன்று விரலை எடுத்துக்கொண்டது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மிச்சம்.

அன்று காலை ஜெகதீஷ் தன் கையாலேயே அந்தக் கட்டையை நாலாம் நம்பரில் சொருகியதைப் பாக்கியநாதன் பத்தடி தூரத்தில் நின்று பார்த்திருந்தான். துலுக்கானத்தைத் தவிர பார்த்தது அவன் ஒருவன்தான். பக்கத்து மெஷின் ஆட்கள் டீக்குப் போயிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது துலுக்கானம் சிரித்தான். கம்பெனியில் அவன் மேலேயே குற்றம் எழுதியிருக்கிறார்கள் என்ற சேதி அவனுக்கு வந்திருந்தது. தானாகவே கட்டை சொருகி பாதுகாப்பைக் கெடுத்தான், அதனால் வேலையை விட்டு ஏன் நீக்கக் கூடாது என்று காகிதம். விசாரணை வைப்பார்களாம். அவன் குற்றம் என்று ஆனால் வேலை போகும், இருபத்திரண்டு வருஷ சர்வீஸும் போகும்.

"நீ பாத்த இல்ல மாமே. நீ ஒரு வார்த்த சொன்னா போதும்" என்றான். "பொய் சொல்றதுக்குன்னா எவனையாவது புடிக்கணும். நெசத்துக்கு நீ கீற."

பாக்கியநாதன் கட்டுப் போடாத கையைப் பிடித்துக்கொண்டான். அந்த நேரத்தில் அவன் மனசில் ஒரு கலப்படமும் இல்லை. யார் மாறினாலும் நான் மாற மாட்டேன், வேலையே போனாலும் போகட்டும் என்று சொன்னான். சொல்லும்போது இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. எங்கே என்று யோசிக்கவில்லை.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு ஜெகதீஷ் அவனைக் கேன்டீன் பின்பக்கம் கூப்பிட்டான். மிரட்டவில்லை. அவனும் பயந்துபோய்த்தான் இருந்தான். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "அண்ணே, நான்தான் சொருகுனேன்னு நீங்க சொல்லுவீங்க. சரி. கட்டை யாரு அறுத்ததுன்னு அடுத்த கேள்வி வரும். நான் சொல்லித்தான் ஆகணும். அப்புறம் ஒங்க பேரும் இருக்காது, என் பேரும் இருக்காது. அண்ணி எப்படி இருக்காங்க?"

கடைசிக் கேள்வியை அவன் நல்ல மனசோடுகூடக் கேட்டிருக்கலாம். பாக்கியநாதனின் பெண்டாட்டி ஞானம்மாளுக்கு இரண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருஷம். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். ஈ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறவரை அது நடக்கும். வேலை இருக்கிறவரை கார்டு இருக்கும். இதற்கு மேல் யாரும் அவனுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஞானம்மாளிடம் சொன்னான். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். எப்போதும் துலுக்கானத்தை அண்ணன் என்றுதான் சொல்லுவாள். "அண்ணனுக்கு நெசம் சொல்லு" என்றாள். கொஞ்சம் கழித்து, "என்னைப் பாக்காத" என்றாள். அன்று டயாலிசிஸ் முடிந்து வந்தவள். பிசைந்த சோறு தட்டிலேயே கிடந்தது. பார்க்காமல் எப்படி இருப்பது.

விசாரணை ஆபீஸ் மாடியில் நடந்தது. ஏ.சி. போட்ட அறை. வெளியிலிருந்து வந்த வக்கீல் ஒருவர் கேள்வி கேட்க, ஒரு பெண் டைப் அடித்தாள். துலுக்கானமும் எதிரில் உட்கார்ந்திருந்தான். வெள்ளைக் கட்டுப் போட்ட கையை மேஜைக்குக் கீழே வைத்திருந்தான், காட்டக் கூடாத பொருள் மாதிரி.

கட்டையைச் சூப்பர்வைசர் சொருகினாரா? தெரியாதுங்க. யார் சொருகியது? நான் பாக்கலைங்க. இதற்கு முன்னால் இந்த மாதிரி கட்டை பார்த்திருக்கிறீர்களா? இல்லைங்க. யார் அறுத்தது? தெரியாதுங்க. கேள்வி வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அவன் குரல் தெளிவாக, ஏற்ற இறக்கத்தோடு வந்தது. டைப் அடிக்கிற பெண் ஒரு இடத்தில்கூடத் திரும்பக் கேட்கவில்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டியபோது எண்ணினான். பதினோரு தடவை தெரியாது, பார்க்கவில்லை, இல்லை. இயேசுவைத் தெரியாது என்ற பேதுருவுக்கு மூன்றுதான்.

வக்கீல் துலுக்கானத்தைப் பார்த்து, சாட்சியிடம் நீங்கள் ஏதாவது கேட்கலாம், உங்களுக்கு உரிமை இருக்கிறது என்றார்.

துலுக்கானம் பாக்கியநாதனைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். ரயில் கூட்டத்தில் ஏற முடியாமல் பிளாட்பாரத்தில் நின்றுவிட்ட ஆளை, ஓடுகிற பெட்டியிலிருந்து பார்ப்பதுபோல் பார்த்தான்.

"அவராண்ட கேக்க ஒண்ணும் இல்ல சார்" என்றான்.

கம்பெனி இரக்கப்பட்டது. டிஸ்மிஸ் என்று எழுதிவிட்டு, மனிதாபிமானத்தின் பேரில் கேன்டீன் கான்ட்ராக்டரிடம் சொல்லி அவனுக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்தது. டீ கொடுக்கிற வேலை. கம்பி ஸ்டாண்டில் எட்டு கிளாஸ் வைத்து இடது கையில் தூக்கிக்கொண்டு வருவான். வலது கையில் மிச்சமிருந்த இரண்டு விரலால் கிளாஸின் விளிம்பைப் பிடித்து, ஒவ்வொரு மெஷினிலும் வைப்பான். முதல் வாரம் நிறைய சிந்தியது. அப்புறம் பழகிவிட்டது. நாலாம் நம்பரில் இப்போது ஒரு ஒடிசாக்காரன். அவனுக்கும் வைப்பான். பாக்கியநாதனுக்கு மட்டும் சர்க்கரை கம்மியாக, முன்னால் இவன் எப்படிக் கேட்பானோ அப்படியே கொண்டு வருவான். ஒருநாள்கூட மாற்றிக் கொடுக்கவில்லை. ஒருநாள் துப்பியாவது கொடுத்திருந்தால் பாக்கியநாதன் குடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பான்.

ரயிலில் இப்போது சேர்ந்து வருவதில்லை. கேன்டீன் ஆட்கள் ஒரு மணி நேரம் முன்னால் போக வேண்டும்.

தவக்காலத்தில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். சாமியார் வயசில் சின்னவர், வேலூர் பக்கம். பொறுமையாகக் கேட்டார். அழுகிறவனைத் தேற்றினார். ஆனால் கடைசியில், சொன்ன பொய்யைப் போய்த் திருத்துங்கள், ஜெபம் சொல்லித் தீர்கிற காரியம் இல்லை இது என்றார். அவர் சொன்னது சரி. அவருக்குப் பெண்டாட்டி இல்லை.

ஆனாலும் போனான். அடுத்த புதன்கிழமை, ஞானம்மாளிடம்கூடச் சொல்லாமல், குளித்துச் சட்டை மாற்றி, ஆபீஸ் மாடி ஏறினான். பர்சனல் ஆபீசர் ரேணுகா மேடம் உட்காரச் சொன்னார். துலுக்கானம் விஷயமாக ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தான். அந்த ஃபைல் மூடியாகிவிட்டதே என்றார் அவர். இல்லைங்க, நான் சொன்னதில் ஒன்று என்று இழுத்தான். அவர் அலமாரியைத் திறந்து ஒரு கவரை எடுத்தார்.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஒங்களைப் பெர்மனென்ட் பண்ணியாச்சு. ஜெகதீஷ் ரொம்ப சிபாரிசு பண்ணார். இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு."

பேனாவைக் கொடுத்தார். பெர்மனென்ட் என்றால் இனி வருஷத்துக்கு ஒருமுறை பெயரை நீக்க மாட்டார்கள். ஞானம்மாளின் கார்டு அவன் ரிட்டயர் ஆகிறவரை போகும். பாக்கியநாதன் மேஜையில் இருந்த காகிதத்தைப் பார்த்தான். மேடத்தின் முகத்தைப் பார்த்தான். சொல்ல வந்த வார்த்தை தொண்டையில்தான் இருந்தது. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை. கையெழுத்துப் போட்டான். இரண்டு இடத்திலும்.

பெரிய வெள்ளிக்கு இந்த வருஷம் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள் என்று சாமியாரிடம் கேட்டுப் பார்த்தான். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் வெளியில் பேசக் கூடாது. "வேற யாரு இருக்கா பாக்கியநாதன்" என்று மட்டும் சொன்னார்.

மதியம் மூன்று மணி. தகரக் கூரைக்கு அடியில் ஃபேன் அனலைச் சுற்றிச் சுற்றி அடித்தது. வெறுங்காலோடு ஜனம் நின்றது. மைக் முன்னால் போய் நின்றபோது, பக்கவாட்டுக் கதவு வழியாக வேப்பமரம் தெரிந்தது. கேரியரில் துலுக்கானம் உட்கார்ந்திருந்தான். மடியில் வலது கை. முதல் ஷிப்டு முடிந்து நேராக வந்திருக்க வேண்டும். கேன்டீன் சட்டை மாற்றவில்லை.

குரல் உடைந்துவிடும் என்று பாக்கியநாதன் பயந்தான். உடையட்டும் என்று வேண்டிக்கொள்ளவும் செய்தான். உடைந்தால் ஜனத்துக்கு ஏதோ விஷயம் என்று தெரியும், யாராவது கேட்பார்கள், சொல்லிவிடலாம். குரல் உடையவில்லை. வேலைக்காரப் பெண்ணாகக் கேட்டான், பேதுருவாக மறுத்தான். மறுபடி கேட்டான், மறுபடி மறுத்தான். இந்த இடத்தில் கேட்கிறவனும் அவன்தான், மறுக்கிறவனும் அவன்தான். சேவல் கூவுகிற வரியை வாத்தியார் வாசித்தார். அதற்குப் பிறகு கூட்டமாகக் கத்தினான். நாற்பது பேர் மாதிரி.

சிலுவையை முத்தமிட வரிசை நின்றபோது ஒரு ஐ.டி. பையன், புதிதாகப் பாரிவாக்கம் பக்கம் ஃப்ளாட் வாங்கி வந்தவன், கையைப் பிடித்துக் குலுக்கினான். மெய்யாகவே சிலிர்த்துவிட்டது என்றான். ஞானம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தபடி தலையைக் குனிந்திருந்தாள்.

வெளியே வந்தான். துலுக்கானம் போயிருப்பான் என்று நினைத்தான், போயிருக்கவில்லை.

"நல்லா இருந்துச்சி மாமே" என்றான். இத்தனை மாசத்தில் அந்த மாமே இப்போதுதான் வந்தது. "இத்தினி வருசமா கேக்குறேன், இன்னிக்கித்தான் அந்த ஆளு மேல ஒரு இது வந்துச்சி. தெரியாதுன்றானே, அந்த ஆளு. பாவம், பயந்துட்டான்."

பாக்கியநாதன் தன் செருப்பைத் தேடிக் காலில் மாட்டினான்.

"அப்பறம் அவன இன்னா பண்ணாங்க?"

பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் கேட்கிறவன் துலுக்கானம். அவனிடம் இன்னொரு தடவை தெரியாது என்று சொல்ல முடியாது.

"அவரைத்தான் சபைக்கே தலைவரா வெச்சாங்க."

துலுக்கானம் தலையை ஆட்டினான். சிரிக்கவில்லை, கேலியும் செய்யவில்லை. கோயில் வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஆர்டர் வந்துச்சாமே உனக்கு. கேன்டீன்ல பேசிக்கினாங்க. நல்லது. தங்கச்சிக்கு ஆவும்."

சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்தான். சாவி சின்னது. இரண்டு விரலால் அதைப் பிடித்துத் திருப்ப வரவில்லை. நழுவி மண்ணில் விழுந்தது. பாக்கியநாதன் சட்டென்று குனிந்து எடுத்தான். பூட்டில் போடப் போனான்.

"வுடு" என்று துலுக்கானம் இடது கையை நீட்டினான். "தெனமும் நீ வருவியா?"

சாவியை அந்தக் கையில் வைத்தான். துலுக்கானம் இடது கையால், மெதுவாக, நாக்கைக் கடித்துக்கொண்டு பூட்டோடு மல்லுக்கட்டினான். திறக்க ரொம்ப நேரம் ஆயிற்று. பாக்கியநாதன் அவ்வளவு நேரமும் பக்கத்திலேயே, இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான்.