சேர்மன் போன வழி

பச்சை மூங்கிலில் பாடை கட்டி முடித்த நேரத்தில்தான் யாக்கோபு காலனி ஆட்களோடு வாசலில் வந்து நின்றார். ஒருவர் கையிலும் பறை இல்லை.

“இன்னாடா யாக்கோபு, மோளம் எங்க?” என்றார் பங்காளி முனிரத்தினம்.

“இன்னிக்கு மோளம் இல்லீங்க.”

அம்சவல்லி திண்ணையிலிருந்து எழுந்து வந்தாள். உள்ளே அவள் அப்பா கண்ணப்பன் மாலையோடு கிடந்தார். ஒரு காலத்தில் ஒன்றியச் சேர்மன். வடக்குப்பட்டுக்கு பஸ் வந்ததும், பள்ளிக்கூடம் ஓடு கண்டதும், அவர் சைக்கிள் மிதித்துப் போய் ஆபீஸ் ஆபீஸாகக் காத்துக் கிடந்த புண்ணியம். அதற்கெல்லாம் மாலை போட்ட தெரு, ஒரு பாதைக்காக அவரைக் கவிழ்த்துவிட்டது. காலனிப் பிணங்கள் முழங்கால் சேற்றில் போவதைப் பார்க்கச் சகிக்காமல், தன் வயலிலேயே ஏரிக்கரைச் சுடுகாடு வரை வழி விட்டார். அகலம் குறிக்க வெறும் பாடையை நாலு பேர் தோளில் ஏற்றி நடக்கவிட்டு, இரண்டு பக்கமும் தானே முளை அடித்துக்கொண்டு போனாராம். அடுத்த தேர்தலில் சொந்தத் தெருவே அவருக்கு ஓட்டுப் போடவில்லை. பதவி போயிற்று, சேர்மன் என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது.

“என்னை அந்த வழியா எடுத்துனு போங்கம்மா” என்று முந்தாநாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவளும் சரி என்று சொல்லிவிட்டாள்.

“அந்த வழின்னா நாங்க தோள் குடுக்க மாட்டோம். ரோட்டு மேல எடு, இப்பவே தூக்கறோம்” என்று முனிரத்தினம் காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். கம்பெனி பஸ்ஸில் காலனிக்காரனோடு ஒரே சீட்டில் உட்கார்ந்து ஷிப்டுக்குப் போகிற பங்காளிகள்தான். வருஷம் தொண்ணூற்றொன்று ஆகியும் பாடைக்கு மட்டும் வேறு சட்டம் வைத்திருந்தார்கள். கொள்ளிச்சட்டி பிடிக்க வேண்டிய அவள் கணவன் டில்லிபாபுவாலும் தூக்க முடியாது.

“நீங்களுமா அண்ணே கைவிட்டீங்க?” என்றாள் யாக்கோபுவிடம். “அப்பா மோளம்கூட இல்லாம போவணுமா?”

யாக்கோபு கக்கத்துத் துண்டைக் கையில் எடுத்தார்.

“ஊர்ல யாரு செத்தாலும் அடிக்கறோம்மா. நம்ம வூட்டு சாவுக்கு நாமளே அடிப்பமா?” துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். “தூக்கறதுக்கு வந்துகீறோம்.”

அம்சவல்லி உள்ளே அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கயிற்றுக் கட்டிலில் பனியனோடு கிடந்த இந்த மனிதரையா நாம் தினமும் பார்த்துப் பழகிப்போனோம் என்று மலைத்து நின்றாள்.

“எடுங்கண்ணே” என்றாள்.

பெண்கள் அந்தப் பாதை தொடங்கும் தெருக்கோடியோடு நின்றுவிட வேண்டும். அவளும் நின்றாள். மேளம் இல்லாததால் மண்ணில் கால்கள் பதிகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. இரண்டு பக்கமும் மார்கழி நெல் பாதையோரம் வரை முற்றி நின்றது. அதன் நடுவே நாலு பேர் தோளில் அப்பா போனார். ஒரு கதிர்கூட அசையவில்லை.